ரஹீம் போன பிறகு: ஒரு பயிற்சியாளரும் ஓர் ஆட்டமுறையும்



இந்த முறை கால்பந்து. எங்க வெள்ளகோவில் பக்கம் சாயங்காலம் ஆனால் பையன்கள் கிரிக்கெட் மட்டையைத் தூக்குவார்கள். இல்லையென்றால் கபடி, வாலிபால். கால்பந்துக்கு இங்கே பெரிய கூட்டம் கிடையாது. "பி.காம் படிக்கிற ஆளுக்கு கால்பந்து வரலாறு எதுக்கு?" என்று கேட்கத் தோன்றும். அதற்கான பதில் கட்டுரையின் பின்பாதியில் வருகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கேள்வி இதுதான். ஒரு பயிற்சியாளர் ஓர் அணிக்கு ஒரு புதிய ஆட்டமுறையைக் கற்றுக்கொடுக்கிறார். அந்த முறையை வைத்து, தங்களைவிட உயரமும் பலமும் உள்ள அணிகளோடு சமமாக மோதுகிறார்கள். பிறகு ஒருநாள் அந்தப் பயிற்சியாளர் போய்விடுகிறார். அந்த ஆட்டமுறை என்ன ஆகும்? அவரோடு போய்விடுமா, அணியோடு நிற்குமா?

இந்தியாவில் இந்தக் கேள்விக்கு ஒரு பெயர் இருக்கிறது. சையத் அப்துல் ரஹீம்.

யார் இந்த ரஹீம்?

1909-ஆம் ஆண்டு ஹைதராபாத்தில் பிறந்தவர். தொழில், பள்ளிக்கூட வாத்தியார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தவர், உடற்கல்வியில் டிப்ளமோ வாங்கியவர். 1943-இல் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளர் ஆனார். 1950 முதல் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணிக்குப் பயிற்சியாளர். அதே காலத்தில் இந்திய அணிக்கும் பயிற்சி கொடுத்தார். எல்லோரும் அவரை 'ரஹீம் சாகிப்' என்றே கூப்பிட்டார்கள்.

ஹைதராபாத் போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து வருடம் ரோவர்ஸ் கோப்பையை ஜெயித்தது. பம்பாயில் நடந்த அந்தப் போட்டி அந்தக் காலத்தில் நாட்டின் முக்கியமான மூன்று கோப்பைகளில் ஒன்று. கல்கத்தாதான் கால்பந்தின் தலைநகரம் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த நேரத்தில், தெற்கே ஒரு போலீஸ் அணி ஐந்து வருடம் விடாமல் ஜெயித்தது என்றால் அது அதிர்ஷ்டமாக இருக்க முடியாது.

1951-இல் டில்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி. இறுதி ஆட்டத்தில் இந்தியா ஈரானை 1-0 என்று வென்று தங்கம் வாங்கியது. கோல் போட்டவர் மேவாலால். பயிற்சியாளர் ரஹீம்.

பத்து கோல் வாங்கிய நாள்

அடுத்த வருடமே ஒரு பெரிய அடி விழுந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 1-10 என்று தோற்றது. நம்மவர்கள் பல பேர் பூட்ஸ் இல்லாமல் வெறுங்காலோடு ஆடினார்கள். ஊரில் காய்ந்த தரையில் வெறுங்கால் நன்றாகவே வேலை செய்யும். பின்லாந்தின் குளிரில் ஈரப் புல்மேல் அது எடுபடவில்லை. அதற்குப் பிறகுதான் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் பூட்ஸ் போடுவதைக் கட்டாயம் ஆக்கியது.

பூட்ஸ் பிரச்சினையை ஒரு உத்தரவில் தீர்த்துவிடலாம். ஆட்டமுறைப் பிரச்சினையை அப்படித் தீர்க்க முடியாது. அப்போது நம் நாட்டில் நல்ல ஆட்டக்காரன் என்றால் பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு இரண்டு மூன்று பேரை ஏமாற்றிப் போகிறவன். கூட்டம் கைதட்டும். பந்து மட்டும் கோலுக்குப் பக்கத்தில் போகாது. உள்நாட்டுப் போட்டிகளை 90 நிமிடத்துக்குக் குறைவாகவே ஆடினார்கள் என்பதால், முழு 90 நிமிடம் ஓடும் பழக்கமும் நம்மவர்களுக்கு இல்லை.

ஒரு வருடம் கழித்து, 1953 நவம்பர் 25 அன்று, லண்டன் வெம்பிளி மைதானத்தில் ஹங்கேரி இங்கிலாந்தை 6-3 என்று அடித்தது. உலகமே அசந்துபோன ஆட்டம் அது. ஹங்கேரியின் நடு முன்கள வீரர் ஹிடெகுட்டி வழக்கமான இடத்தில் நிற்கவில்லை. பின்னால் இறங்கி நடுக்களத்தில் நின்றார். அவரைக் காவல் காக்க வேண்டிய இங்கிலாந்து தடுப்பாட்டக்காரருக்குக் குழப்பம். கூடவே போனால் பின்னால் ஓட்டை விழும். போகாமல் நின்றால் ஹிடெகுட்டி யாருடைய தொந்தரவும் இல்லாமல் பந்தை விநியோகிப்பார். எதைச் செய்தாலும் தப்பு.

இந்த யோசனையின் மதிப்பு ரஹீமுக்கு உடனே புரிந்தது. நம் பையன்கள் உயரம் குறைவு, எடை குறைவு. ஐரோப்பியர்களோடு தோளோடு தோள் மோதினால் நசுங்கிப் போவோம். ஆனால் எதிராளியைத் 'எதைச் செய்தாலும் தப்பு' என்ற நிலைக்குக் கொண்டுபோக உடம்பு தேவையில்லை. கண்ணும் நேரமும் போதும்.

அவர் கற்றுக்கொடுத்தது என்ன?

அந்தக் காலத்தில் உலகம் முழுக்க இருந்த அமைப்பு 'டபிள்யூ-எம்' என்பது. மூன்று தடுப்பாட்டக்காரர்கள், இரண்டு நடுக்களம், அதற்கு முன்னால் இரண்டு, அதற்கும் முன்னால் மூன்று. மேலிருந்து பார்த்தால் அந்த ஆங்கில எழுத்துகள் மாதிரி தெரியும். ரஹீம் இந்த அமைப்பிலிருந்து ஒருவரைப் பின்னால் இறக்கி, பிறகு படிப்படியாக 4-2-4 நோக்கி அணியை நகர்த்தினார். பிரேசில் 1958 உலகக் கோப்பையை 4-2-4 முறையில் ஜெயித்த பிறகுதான் அது உலகப் புகழ் அடைந்தது. ஹைதராபாத்தில் அதற்கு முன்பே அந்த விதை விழுந்துவிட்டது.

எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது அவருடைய பயிற்சி முறை. அவர் ஹைதராபாத்தில் சில வினோதமான போட்டிகள் நடத்தினார். ஒன்றில் டிரிப்ளிங் செய்யக் கூடாது. பந்து வந்தால் உடனே பாஸ் கொடுக்க வேண்டும். இன்னொன்றில் பழக்கமில்லாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும். வலதுகால்காரன் இடதுகாலால், இடதுகால்காரன் வலதுகாலால்.

யோசித்துப் பாருங்கள். "டிரிப்ளிங் பண்ணாதே" என்று நூறு தடவை திட்டலாம், பையன் கேட்க மாட்டான். அதையே போட்டியின் விதியாக வைத்துவிட்டால், ஜெயிக்க ஆசைப்படுகிறவன் தானாகவே பாஸ் கொடுக்கக் கற்றுக்கொள்வான். ஒரு நல்ல வாத்தியாருக்குத்தான் இப்படி யோசிக்க வரும்.

அந்தப் பட்டறையிலிருந்து வந்தவர்களில் ஒருவர் துளசிதாஸ் பலராம். செகந்திராபாத் அம்முகுடாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் வறுமை. அம்முகுடாவிலிருந்து மைதானத்துக்கு வந்துபோக வசதி இல்லாத அந்தப் பையனுக்கு சைக்கிள் வாடகைக்குக் காசு கொடுத்து வரவழைத்தவர் ரஹீம்தான். பலராம் இருபது வயதில் ஒலிம்பிக் போனார். 2023 பிப்ரவரியில் காலமானார்.

மெல்போர்ன் 1956

முறை வேலை செய்கிறதா என்று பார்க்க நான்கு வருடம் ஆனது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் ஆட்டம் ஹங்கேரியோடு நடக்க வேண்டியது. தங்கள் நாட்டில் நடந்த புரட்சியின் குழப்பத்தில் ஹங்கேரி அணி வரவில்லை. ரஹீம் யாரைப் பார்த்து யோசித்தாரோ அவர்களோடு மோதும் வாய்ப்பு அப்படிக் கைநழுவியது.

கால் இறுதியில் ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என்று வென்றோம். நெவில் டிசோசா மூன்று கோல். ஒலிம்பிக் கால்பந்தில் ஹாட்ரிக் போட்ட முதல் ஆசியர் அவர்தான். அரை இறுதியில் மறுபடியும் யூகோஸ்லாவியா. நான்கு வருடத்துக்கு முன் பத்து கோல் போட்ட அதே நாடு. இந்த முறை முதல் கோல் போட்டது இந்தியா! கடைசியில் 1-4 என்று தோற்றோம். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0-3. நான்காவது இடம். ஆசியாவிலிருந்து ஓர் அணி ஒலிம்பிக் கால்பந்து அரை இறுதிக்குப் போனது அதுவே முதல் தடவை.

1960 ரோம் ஒலிம்பிக்கில் பதக்கம் இல்லை. ஆனால் அந்த எண்களைப் பாருங்கள். ஹங்கேரியிடம் 1-2, பிரான்சோடு 1-1, பெருவிடம் 1-3. எட்டு வருடத்துக்கு முன் 1-10.

ஜகார்த்தா 1962

ரஹீமின் கடைசிப் போட்டி இது. அப்போதே அவருக்குப் புற்றுநோய்.

முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0. தாய்லாந்து ஆட்டத்தில் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். வேறு பயிற்சியாளராக இருந்தால் அவரை உட்கார வைத்திருப்பார். ஜர்னைல் கல்லூரி நாட்களில் முன்களத்தில் ஆடியவர் என்பது ரஹீமுக்குத் தெரியும். பின்னால் நின்று தலையால் முட்டித் தடுக்க முடியாதவரை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அரை இறுதியில் தென்வியட்நாமை 3-2 என்று வென்றோம்.

செப்டம்பர் 4, இறுதி ஆட்டம். மறுபடியும் தென்கொரியா. மைதானம் முழுக்க இந்தியாவுக்கு எதிரான கூச்சல். காரணம் கால்பந்து இல்லை, அரசியல். இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா போட்டியில் சேர்க்கவில்லை. அதை இந்தியாவின் ஜி.டி. சோந்தி கண்டித்தார். அந்தக் கோபத்தில் இந்தியத் தூதரகத்தின் மீதே கூட்டம் பாய்ந்தது. அப்படிப்பட்ட சூழ்நிலையில் முதல் இருபது நிமிடத்துக்குள் இரண்டு கோல். ஒன்று பி.கே. பானர்ஜி. இன்னொன்று, தலையில் தையலோடு நின்ற அதே ஜர்னைல் சிங். முடிவு 2-1. தங்கம்.

அந்த இறுதி ஆட்டத்தில் கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். இவருக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால் குன்னூர் பக்கத்தில் வெலிங்டன். அங்கே இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டரில் சேர்ந்துதான் தங்கராஜ் பெரிய ஆட்டக்காரர் ஆனார். முன்கள வீரராகத் தொடங்கி கோல்கீப்பராக மாறியவர். அந்த வெலிங்டன் அணி 1955, 1958 என்று இரண்டு முறை டூரண்ட் கோப்பையை ஜெயித்தது. கோயம்புத்தூரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய ஊரில் இந்தியாவின் மிகப் பழைய கால்பந்துக் கோப்பையை இரண்டு முறை வாங்கிய அணி இருந்தது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1963-க்குப் பிறகு

1963 ஜூன் 11 அன்று ரஹீம் இறந்தார். வயது 53.

உடனே எல்லாம் சரிந்துவிடவில்லை. 1964-இல் இஸ்ரேலில் நடந்த ஆசியக் கோப்பையில் ஆங்கிலேயப் பயிற்சியாளர் ஹாரி ரைட்டின் கீழ் இந்தியா இரண்டாம் இடம் வந்தது. தென்கொரியாவை 2-0 என்று வென்றது. நான்கே அணிகள் ஆடிய போட்டி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலம். அந்த அணியின் கேப்டன் சையத் நயீமுதீன், ஹைதராபாத்காரர். பயிற்சியாளர்களில் ஒருவர் ரஹீமின் மாணவர் பி.கே. பானர்ஜி. ஆக, முறை ஏழு வருடம் வரை மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

பிறகு? 1970-க்குப் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்திய ஆண்கள் அணிக்குப் பதக்கமே இல்லை. ரோமுக்குப் பிறகு ஒலிம்பிக்குக்கும் தகுதி பெறவில்லை. ரஹீமின் சொந்த மண்ணிலும் இதே கதைதான். சந்தோஷ் டிராபியை ஹைதராபாத் அணி 1956-லும் 1957-லும் அடுத்தடுத்து வென்றது. ஆந்திரப் பிரதேசம் 1965-இல் வென்றது. அதன்பின் அந்த நூற்றாண்டு முடியும்வரை அந்தக் கோப்பை அங்கே திரும்பவில்லை.

"ஒரே ஒரு ஆள் போனதாலா இவ்வளவும்?" என்று கேட்பது நியாயம்தான். வேறு காரணங்களும் இருக்கின்றன. அந்தத் தலைமுறையே சேர்ந்து முடிந்துபோனது. பலராம் 1963-லேயே உடல்நலக் குறைவால் ஆட்டத்தை விட்டார். சுனி கோஸ்வாமி 1964-இல் சர்வதேச ஆட்டத்திலிருந்து விலகினார். மற்ற ஆசிய நாடுகள் வேகமாக முன்னேறின. இதெல்லாம் உண்மை. ஆனால் தலைமுறை எல்லா நாட்டிலும்தான் முடிகிறது. அடுத்த தலைமுறையைச் செய்யும் பட்டறை இருந்ததா என்பதுதான் கேள்வி. நம்முடைய பட்டறை ஒரு மனிதரின் தலைக்குள் இருந்தது.

கூட்டு வணிகமும் கம்பெனியும்

பி.காம் இங்கேதான் வருகிறது.

எங்கள் ஊர்ப் பக்கம் எண்ணெய் மில்லும் விசைத்தறியும் அதிகம். நிறைய இடங்களில் அண்ணன் தம்பியோ, மாமன் மச்சானோ, இரண்டு நண்பர்களோ சேர்ந்து பார்ட்னர்ஷிப்பாக நடத்துகிறார்கள். 1932-ஆம் வருடத்து இந்தியக் கூட்டு வணிகச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு என்ன சொல்கிறது? வேறு மாதிரி ஒப்பந்தம் எழுதி வைக்காத பட்சத்தில், ஒரு பங்குதாரர் இறந்துவிட்டால் அந்த நிறுவனமே கலைந்துவிடும். தறி அங்கேயே இருக்கும். சரக்கு இருக்கும். வாடிக்கையாளர்களும் இருப்பார்கள். நிறுவனம் மட்டும் சட்டப்படி இருக்காது.

கம்பெனி வேறு மாதிரி. அதற்கு 'பெர்பெச்சுவல் சக்செஷன்' உண்டு. பங்குதாரர்கள் வரலாம், போகலாம், இறக்கலாம். கம்பெனி நின்றுகொண்டே இருக்கும். அதற்கென்று தனி உயிர் இருக்கிறது. விதிகள் எழுத்தில் இருக்கின்றன.

ரஹீமின் ஆட்டமுறை, ஒப்பந்தம் எழுதாத பார்ட்னர்ஷிப். வீரர்கள் இருந்தார்கள், மைதானம் இருந்தது, ரசிகர்கள் இருந்தார்கள். அவர் போனதும் நிறுவனம் கலைந்தது.

கணக்குப்பதிவியலில் இன்னொரு விஷயமும் படிக்கிறோம். ஒரு வியாபாரம் தானாகச் சம்பாதித்த நற்பெயரை, அதாவது குட்வில்லை, ஐந்தொகையில் சொத்தாகக் காட்டக் கூடாது என்கிறது கணக்கியல் தரநிலை 26. யாராவது காசு கொடுத்து வாங்கினால்தான் அது ஏட்டில் ஏறும். சரியான விதிதான், இல்லாவிட்டால் ஆளாளுக்கு இஷ்டப்பட்ட தொகையை எழுதிவிடுவார்கள். ஆனால் இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. ஏட்டில் இல்லாத சொத்தை யாரும் பாதுகாப்பதில்லை. கால்பந்து சம்மேளனத்தின் ஏட்டில் கோப்பைகள் இருந்தன. டிரிப்ளிங் இல்லாத போட்டி என்ற யோசனைக்கு எந்த ஏட்டிலும் மதிப்பு போடவில்லை. அது தொலைந்தபோது நஷ்டக் கணக்கிலும் வரவில்லை.

ஜப்பான் செய்த வேலை

இதே காலத்தில் ஜப்பானில் என்ன நடந்தது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 1960-இல் ஜெர்மனியிலிருந்து டெட்மார் கிராமர் என்ற பயிற்சியாளரை ஜப்பான் வரவழைத்தது. 1962-இல் அந்த ஜப்பானைத்தான் ரஹீமின் அணி 2-0 என்று வென்றது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பான் அர்ஜென்டினாவை 3-2 என்று வென்று கால் இறுதிக்குப் போனது. அதோடு கிராமர் கிளம்பிவிட்டார்.

கிளம்பும்போது சில யோசனைகளைச் சொல்லிவிட்டுப் போனார். தேசிய அளவில் ஒரு லீக் தொடங்குங்கள், பயிற்சியாளர்களுக்குப் பயிற்சி கொடுங்கள் என்பது அவற்றின் சாரம். ஜப்பான் கேட்டது. 1965-லேயே தேசிய லீக் தொடங்கியது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஜப்பானியப் பயிற்சியாளர் நாகனுமாவின் கீழ் வெண்கலம் வாங்கியது. 1969-இல் கிராமரைத் திரும்ப வரவழைத்து, ஆசியப் பயிற்சியாளர்களுக்கான வகுப்பையே ஜப்பானில் நடத்தினார்கள்.

கிராமர் ரஹீமைவிடப் பெரியவரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் போன பிறகும் வேலை நடக்கும்படி ஜப்பான் ஏற்பாடு செய்துகொண்டது, அவ்வளவுதான். இந்தியாவில் தேசிய லீக் வர 1996 ஆனது.

அமெரிக்காவில் ஓர் ஒப்பீடு

முட்டை வடிவப் பந்தை வைத்து ஆடும் அமெரிக்கக் கால்பந்திலும் இதே கதை உண்டு. அங்கே கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளுக்கு நம் ஊர் கிரிக்கெட் அளவுக்குக் கூட்டம். 'ஆப்ஷன்' என்று ஒரு தாக்குதல் முறை. பந்தை வாங்கிய வீரர் எதிரணியில் ஒருவனை மட்டும் கவனிப்பார். அவனை வேண்டுமென்றே யாரும் தடுக்காமல் விட்டிருப்பார்கள். அவன் இந்தப் பக்கம் பாய்ந்தால் பந்து அந்தப் பக்கம் போகும். அந்தப் பக்கம் பாய்ந்தால் இந்தப் பக்கம். 'எதைச் செய்தாலும் தப்பு' என்ற அதே நிலைதான். உடல்பலம் குறைந்த அணிகளுக்கு ஏற்ற ஆயுதம்.

இதில் பெயர் பெற்ற பயிற்சியாளர் பால் ஜான்சன். 2002 முதல் 2007 வரை அமெரிக்கக் கடற்படை அகாடமியின் அணியில் இருந்தார். பிறகு ஜார்ஜியா டெக் கல்லூரியில் 2008 முதல் 2018 வரை பதினொரு பருவம். 2018-இல் அவர் ஓய்வு பெற்றதும், அடுத்து வந்தவர் முதல் வேலையாக அந்த முறையைத் தூக்கிப்போட்டார். அவரையும் கல்லூரி 2022-இல் நீக்கிவிட்டது.

ஆனால் ஜான்சன் 2007-இல் விட்டுப்போன கடற்படை அணியில் அந்த முறை சாகவில்லை. அவருடைய உதவியாளரே தலைமைப் பயிற்சியாளர் ஆகி 2022 வரை அதே முறையில் ஆடினார். ஏன் அங்கே மட்டும் நின்றது? கடற்படைக்கு ஆள் எடுக்கும்போது உடல் எடைக்கு அளவு இருக்கிறது. பூதம் மாதிரி ஆட்களைச் சேர்க்க முடியாது. அதனால் அந்த முறை அவர்களுக்குத் தேவையாக இருந்தது. கற்றுக்கொடுக்கத் தெரிந்த அடுத்த ஆளும் உள்ளேயே தயாராக இருந்தார். ஒரு பயிற்சியாளர், இரண்டு அணிகள், இரண்டு விதமான முடிவுகள்.

நமக்கு இது எதற்கு?

மேலே சொன்ன இரண்டில் ஒன்று நம்மிடம் எப்போதும் இருக்கிறது. தேவை. நம் வீரர்களின் உடல்வாகு 1956-இல் இருந்த அதே பிரச்சினையைத்தான் இன்றும் தருகிறது. மோதி ஜெயிக்க முடியாது, யோசித்துத்தான் ஜெயிக்க வேண்டும். ஆக, ரஹீமின் ஆட்டம் காலாவதியான சரக்கு இல்லை. இல்லாதது இரண்டாவது விஷயம். அதாவது, அடுத்த ஆள்.

சமீபத்திய வருடங்களைப் பாருங்கள். 2024 ஜூனில் இகோர் ஸ்டிமாச் நீக்கப்பட்டார். ஜூலையில் மனோலோ மார்க்கெஸ் வந்தார். ஒரு வருடத்தில் அவரும் போனார். 2025 ஆகஸ்டில் காலித் ஜமீல். பதினான்கு மாதத்துக்குள் மூன்று பேர். ஒவ்வொருவரும் நல்ல பயிற்சியாளராகவே இருக்கலாம். ஆனால் ஒவ்வொருவரும் தன் ஆட்டத்தைத் தன் பெட்டியில் கொண்டுவந்து, போகும்போது பெட்டியோடு எடுத்துப் போனால், அடுத்தவர் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆரம்ப இருப்பே இல்லாத கணக்குப் புத்தகம் மாதிரி.

2024 ஏப்ரலில் ரஹீமைப் பற்றி 'மைதான்' என்று ஓர் இந்திப் படம் வந்தது. அஜய் தேவ்கன் நடித்தார். நல்லது. அதுவரை அவர் பெயரே தெரியாதவர்களுக்கு முகமாவது தெரிந்தது. ஆனால் படம் 1962 தங்கத்தோடு முடிந்துவிடுகிறது. உண்மையான பாடம் அதற்கு அடுத்த வருடத்தில்தான் தொடங்குகிறது.

ரஹீமுக்குச் சிலை வைக்கலாம், தபால்தலை வெளியிடலாம். என்னைக் கேட்டால் அதைவிட ஒரு சின்ன வேலை செய்யலாம். நம் மாவட்டத்தில் எத்தனையோ பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ரஹீமும் அவர்களைப் போன்ற ஒரு பள்ளி வாத்தியார்தான். வருடத்துக்கு ஒரு நாள், டிரிப்ளிங் இல்லாத ஒரு போட்டி. இன்னொரு நாள், பழக்கமில்லாத காலால் மட்டும் ஒரு போட்டி. செலவு ஒரு பந்து, ஒரு விசில். முக்கியமாக, எப்படி நடத்தினோம், எந்தப் பையன் என்ன கற்றான் என்று ஒரு நோட்டில் எழுதி, மாற்றலாகிப் போகும்போது அடுத்து வரும் ஆசிரியரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். பந்தும் விசிலும் எப்படியும் கிடைத்துவிடும், அந்த நோட்டுதான் முக்கியம்.

உங்கள் பள்ளியில் இந்த மாதிரி ஏதாவது நடந்திருந்தால், அல்லது வெலிங்டன் அணியை நேரில் பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், எழுதுங்கள். கேட்டு எழுதி வைத்துக்கொள்கிறேன்.

மீண்டும் சந்திப்போம்.